இடக்கைக்கு வந்த வலந்தலை: பழனி சுப்பிரமணிய பிள்ளை

தை பிறந்துவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் சாலை ஓய்வறியாது. காவடி ஏந்தியவர்களும் வெறுங்காலோடு நடப்பவர்களும் இரவு பகலாகச் சென்றுகொண்டே இருப்பர். அவர்களுக்கு முன்னே பம்பை முழங்கும், உறுமி தேம்பும், கோயில் வாயிலை நெருங்கினால் தவில் எதிர்கொள்ளும். இந்தச் சமவெளியில் பிறந்தவர்கள் தாளத்தின் முதற்பாடத்தை எந்தப் பள்ளியிலும் கற்பதில்லை, தெருவில்தான் கற்கிறார்கள். அத்தகைய தெருவொன்றில் வளர்ந்த இளைஞர் ஒருவர் தென்னகத்தின் இசையரங்குகளில் மிருதங்க மும்மூர்த்திகளுள் ஒருவராகப் போற்றப்பட்டார். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி ஆகிய இருவரோடு சேர்த்து எண்ணப்பட்ட அவரே பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908-இல் தோன்றி 1962-இல் மறைந்தவர்.

நம் வட்டத்தின் பத்தாண்டு மலருக்கு இம்மண்ணின் பெரியார் ஒருவரைப் பற்றி எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, நான் ஒரு புலவரைத் தேர்ந்துகொள்வேன் என்றே அன்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். திண்டுக்கல் என்றதும் பூட்டையும் பிரியாணியையும் நினைப்பவர்களே மிகுதி. மிருதங்கத்தை நினைப்பவர் மிகச் சிலர். பழனி அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது; திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்தான். ஆதலின் சுப்பிரமணிய பிள்ளை தம்மைத் திண்டுக்கல் மாவட்டத்தார் என்று ஒருநாளும் எண்ணியிருக்க முடியாது. எனினும் ஊர்ப்பெயரையே தம் பெயரின் முன்னொட்டாகச் சுமந்து சென்றவரை நமக்கு உரியவர் என்று கொள்வதில் பிழையில்லை.

அவர்தம் தந்தையார் பழனி முத்தையா பிள்ளை. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் பயின்ற லய வித்துவான். இப்பெயரை மாமுண்டியா பிள்ளை என்றும் வழங்குவர். அரண்மனையில் விளக்கேற்றும் பணி செய்தவர் என்று சொல்லப்படும் அம்மேதைதான், பசனைக் கூடங்களில் சிறுகருவியாய் ஒலித்துக்கொண்டிருந்த கஞ்சிராவைச் செப்பஞ்செய்து கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக உயர்த்தினார். பலாமரச் சட்டம், உடும்புத்தோல், சட்டத்தின் பிளவிலே கோத்த சிறு உலோக வட்டுகள் - அவ்வளவே கஞ்சிரா. (உடும்பு இன்று சட்டத்தாற் காக்கப்படும் உயிர், ஆட்டுத்தோலைக் கொண்டும் கஞ்சிரா செய்கின்றனர்.) அந்த ஒரு சாண் தோலில் மான்பூண்டியா பிள்ளை எழுப்பிய கணக்குகளைக் கண்டு தஞ்சை வித்துவான்களே திகைத்தனர் என்பது இசையுலக வழக்கு. அவருடைய மாணவருள் தலையாயவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை; அவரும் அரண்மனைக் காவலராக இருந்து கலைக்கு வந்தவரே. ஆக, விளக்கேற்றியவரும் வாயில் காத்தவரும் வளர்த்த கலைமரபு ஒன்று முத்தையா பிள்ளையின் வழியாகப் பழனிக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த அம்மரபு மகன் கைக்கு எளிதிற் போய்விடவில்லை. சிறுவன் இடக்கைப் பழக்கம் உடையவன். தந்தையார் அவனுக்குக் கற்பிக்கத் தயங்கினார்.

இத்தயக்கத்தைக் கொடுமை என்று உடனே தீர்ப்பளித்துவிடுவது எளிது. அவ்வாறு செய்வதற்கு முன்னர், அக்கருவியின் அமைப்பைச் சற்று நோக்குதல் வேண்டும். மிருதங்கத்திற்கு இரண்டு முகங்கள். ஒன்று வலந்தலை. அதன் நடுவே கரணை என்னும் கருஞ்சோறு நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். பாடகரின் சுருதியோடு இணைவது இம்முகமே. மீட்டும் சாப்பும் பிறப்பது இங்கேதான். சொற்கள் தெளிவாக வெளிப்படும் முகம் இது. மற்றொன்று இடந்தலை, இதற்குத் தொப்பி என்றும் பெயர். அகன்ற முகம். கச்சேரிக்குச் சற்று முன்னர் நனைத்த ரவையைப் பிசைந்து இதன் நடுவில் அப்புவர். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவர். ஆழ்ந்த, ஈரமான கார்வை இங்கே பிறக்கும். பெயர்களே கட்டளை இடுகின்றன: இது வலக்கைக்கு, இது இடக்கைக்கு என்று. இடக்கைப் பழக்கமுடையவர் கருவியைத் திருப்பி வைத்துக்கொண்டால் வலந்தலை இடக்கைக்கு வந்துவிடும். பெயரும் பொருளும் முரண்படும்.

பெயர் முரண்பட்டால் உலகம் இடிந்துவிடாது என்று சொல்லலாம். தமிழில் இடக்கையின் பெயர்களை எண்ணிப் பார்த்தால் அது அத்துணை எளிதன்று என்பது புலனாகும். வலக்கைக்குச் சோற்றுக்கை என்று பெயர். இடக்கைக்கு நம்மூர் வழக்கில் பீச்சாங்கை, நொட்டாங்கை. பணத்தை நீட்டினாலும் திருநீற்றை வாங்கினாலும் அக்கை முன்னே வரலாகாது. வரலாற்றிலோ வலங்கை, இடங்கை என்று சாதிகளையே இரண்டாக வகுத்துச் சண்டையிட்டிருக்கிறோம். இத்தனைக்கும் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் தோற்கருவிப் பட்டியலில் இடக்கை என்றே ஒரு கருவிக்குப் பெயர் உண்டு! இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுதல் நேர்மையாகும். இதனை எழுதுபவளும் பிறப்பால் இடக்கைக்காரியே. முதல் வகுப்பில் கரும்பலகையருகே நிறுத்தி வலக்கையில் சுண்ணக்கட்டியைத் திணித்தார்கள்; இடக்கை விரல் முட்டியில் அளவுகோல் பேசியது. ஒரே ஆண்டில் கை மாறிவிட்டது. அக்கையால்தான் இக்கட்டுரையும் எழுதப்படுகிறது. சுப்பிரமணிய பிள்ளையின் கை மாறவில்லை. அவரைப் பற்றி முதன்முதலாக அறிந்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இசையைப் பற்றியதன்று, அதைப் பற்றியதே.

பிறருக்குச் சொல்லப்பட்ட பாடங்களைக் கேட்டே அவர் கற்றார் என்பர். கேள்வியால் வந்த அந்தப் பயிற்சியே பின்னாளில் தந்தையின் மனத்தையும் மாற்றியது. வீட்டில் தாளம் ஒலித்துக்கொண்டே இருக்கும்போது கற்பிக்கக் கூடாதென்று ஒருவரால் தடுக்க முடியுமே தவிர, கற்கக் கூடாதென்று தடுக்க முடியாது. தட்சிணாமூர்த்தி பிள்ளையின் வாசிப்பும் அவருக்கு ஆதர்சமாய் நின்றது. 1928-இல் திண்டுக்கல்லையும் பொள்ளாச்சியையும் இணைத்துப் பழனி வழியே இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபது. மேற்கே கொங்குநாட்டுக்கும் பாலக்காட்டுக்கும், கிழக்கே திருச்சிக்கும் சென்னைக்கும் வழி திறந்த காலத்தில் அவரும் ஆயத்தமாக இருந்தார்.

வழி திறந்தும் மேடை திறக்கவில்லை. கச்சேரி மேடையில் அமர்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாடகர் அவையை நோக்கி நடுவில் அமர்வார். அவருக்கு வலப்பக்கத்தில் மிருதங்கம், இடப்பக்கத்தில் வயலின். பக்கவாத்தியக்காரர் இருவரும் ஒருவரையொருவர் நோக்கியிருப்பர். அப்படி அமர்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை அவையோரை நோக்கும். இடக்கைக் கலைஞர் அதே இடத்தில் அமர்ந்தால் வலந்தலை பின்சுவரைப் பார்க்கும். அவையோருக்குத் தொப்பியின் முழக்கமே மிஞ்சும். ஆகவே அவர் பாடகருக்கு இடப்பக்கத்தில் அமர வேண்டும். வயலின்காரர் வலப்பக்கத்திற்குச் செல்ல வேண்டும். ஒலிபெருக்கி பரவலாகாத அக்காலத்தில் இது சிறு செய்தியன்று. பழகிய இடத்தை விட்டு மாற வயலின் வித்துவான்கள் விரும்பவில்லை. தம் கருவியின் ஒலி அவைக்குச் சரிவர எட்டாது என்று அவர்கள் அஞ்சியதிலும் சிறிது நியாயம் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும் ஓர் இளங்கலைஞருக்காக மேடையின் ஒழுங்கே மாற வேண்டியிருந்தது. மாற்றத்தை விரும்பாத சபைகளுக்கு எளிய வழி ஒன்று இருந்தது. அவரை அழைக்காமல் விட்டுவிடுவது.

அந்நிலையில் அவருக்குத் துணைநின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காட்டை அடுத்த செம்பை ஊரினர், வெண்கலக் குரலினர், தமக்குப் பிடித்த இளைஞரை மேடையேற்றுவதில் பிடிவாதக்காரர். பாலக்காடு மணி ஐயரின் வளர்ச்சியில் பெரும்பங்கு கொண்டவரும் அவரே. சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைக் கேட்ட செம்பை, தம் கச்சேரிகளில் அவரை அமர்த்திக்கொண்டார்; இடம் மாற மறுத்த வயலின்காரர்களுக்காகப் பிள்ளையை விட்டுவிட அவர் இசையவில்லை. முன்னணிப் பாடகர் ஒருவர் உறுதியாக நின்ற பிறகு மற்றவர்கள் மெல்ல மெல்ல இசைந்தனர். சில ஆண்டுகளில் இடப்பக்கம் அமர்ந்த பிள்ளைவாளைக் காண்பதற்கே சுவைஞர் முன்வரிசையைத் தேடலாயினர். செம்பை மட்டும் தயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. திறமை எப்படியும் வெளிப்பட்டே தீரும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கஞ்சிராவுக்கு இந்த இடர் இல்லை. எக்கையால் தட்டினாலும் ஒரே முகம். சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிராவிலும் வல்லவர். மணி ஐயர் மிருதங்கமும் பிள்ளை கஞ்சிராவுமாக இருவரும் செம்பையின் கச்சேரிகளில் சேர்ந்து வாசித்ததுண்டு. தஞ்சை மரபில் வந்த மணி ஐயரும் புதுக்கோட்டை மரபில் வந்த பிள்ளையும் ஒரே தனியாவர்த்தனத்தில் மாறி மாறி விடையளித்துக்கொண்ட அந்த மாலைகளைக் கேட்டவர்கள் ஆயுள் முழுதும் அதனையே பேசிக்கொண்டிருந்தனர். முதன்மைக் கருவியைக் கையாளும் தகுதியுடைய ஒருவர், சமகாலப் போட்டியாளர் மிருதங்கம் வாசிக்கத் தாம் துணைக்கருவியை ஏந்தி அமர்ந்தார் என்பதும் கருதத்தக்கது. நம் கவியரங்குகளில் தலைமை யாருக்கு என்பதில் எழும் சலசலப்பை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

புதுக்கோட்டை மரபு கணக்குக்குப் பெயர்பெற்றது என்றேன். கணக்கு என்றதும் கவிஞர்கள் முகம் சுளிப்பர். ஆயினும் யாப்பு அறிந்தவர்களுக்கு இது அயல்நிலம் அன்று. நேரசை, நிரையசை என்று நாம் பகுப்பதைப்போல அவர்கள் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று சொற்கட்டுகளைப் பகுக்கின்றனர். எடுத்துக்காட்டாக மோரா என்னும் முடிப்பை நோக்குக. ஒரு சொற்கட்டை மும்முறை சொல்ல வேண்டும். இடையே இரண்டு முறை ஒரே அளவாக இடைவெளி விட வேண்டும். மூன்றாவது முறை முடியும்போது தாளத்தின் உரிய இடத்தில் வந்து நிற்க வேண்டும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில், எண்ணிக்கைக்கு நான்காக முப்பத்திரண்டு மாத்திரைகள். சொற்கட்டு எட்டு மாத்திரையானால் இடைவெளி நான்கு: இருபத்துநான்கும் எட்டும் முப்பத்திரண்டு. சொற்கட்டு பத்தானால் இடைவெளி ஒன்று: முப்பதும் இரண்டும் முப்பத்திரண்டு. சொற்கட்டு ஆறானால் இடைவெளி ஏழு: பதினெட்டும் பதினான்கும் முப்பத்திரண்டு. இந்தக் கடைசிக் கணக்கில் சொல்லைக் காட்டிலும் மௌனம் நீளமானது. அந்த மௌனத்தையும் அளந்தே விடுகின்றனர். வரிகளுக்கிடையே வெற்றிடம் விட்டு எழுதும் புதுக்கவிஞர்கள் அதனை எந்த அளவால் விடுகின்றனர் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் சினம் கொள்வர்!

இவையெல்லாம் தாளில் எழுதிக் காட்டக்கூடிய கணக்குகள். சுப்பிரமணிய பிள்ளையின் பெருமை, கணக்கைக் கணக்கென்று தோன்றாமல் ஒலிக்கச் செய்ததில் இருக்கிறது. அவர் வாசிப்பில் முடிப்பு திடீரென்று வந்து நம்மை மிரட்டுவதில்லை. சர்வலகு எனப்படும் நேரோட்டமான நடையில் பாட்டோடு ஒழுகிக்கொண்டிருப்பார்; எப்போது கணக்கிற்குள் நுழைந்தார் என்பதைக் கேட்போர் அறியார்; முடிந்து சமத்தில் வந்து நின்ற பிறகே திகைப்பர். வலந்தலையில் ஒவ்வொரு சொல்லும் வாயாற் சொன்னதுபோல் தெளிவாக விழும். தொப்பியிலோ அவருடைய கும்கி தனிப்புகழ் உடையது. மணிக்கட்டை அழுத்தி நகர்த்த, ஒலி கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். அது புறாவின் குமுறலைப் போன்றது என்பர் இசைவாணர். என் செவிக்கு அது நம் சமவெளியின் உறுமியாகவே கேட்கிறது. வளைந்த குச்சியைத் தோலில் இழைத்து உறுமிக்காரர் எழுப்பும் தேம்பலும் இதுவும் உறவுடையன என்பது என் துணிபு. இதற்குச் சான்று காட்ட இயலாது. தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் நின்று கேட்டவர்கள் மறுக்கமாட்டார்கள். மற்றொன்றையும் மறவாதிருக்க வேண்டும். பிறர் இடக்கையால் எழுப்பும் கும்கியை அவர் எழுப்பியது வலக்கையால். சோற்றுக்கை தொப்பியில் முனகிக்கொண்டிருக்க, பீச்சாங்கை சொல் பேசிற்று.

அவர் வாசித்த பாடகர் வரிசையைச் சொல்வது அக்காலக் கருநாடக இசையின் வரலாற்றையே சொல்வதாகும். செம்பை, ஆலத்தூர் சகோதரர்கள், மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம், குழலிசையில் மாலி. இவர்களுள் ஆலத்தூர் சகோதரர்களோடு அவர் கொண்ட இணக்கம் தனியே பேசத்தக்கது. சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் கடினமான பல்லவிகளுக்கும் திருப்புகழுக்கும் பெயர்பெற்றவர்கள். திருப்புகழோ பழனியின் சொத்து. அருணகிரிநாதர் இத்தலத்திற்குப் பாடியவை அத்துணை மிகுதி. அருணகிரியாரின் சந்தங்களில் வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் விழும் முறையே ஒரு தாளக் குறிப்பு. சந்தக் குழிப்பை எழுதிவைத்துப் பாடல் இயற்றும் நம்மவர்க்கு, அக்குழிப்பைத் தோலில் கேட்பது எத்தகைய பாடமாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாட்டுக்கு வாசித்தல் என்பது உரை எழுதுதல் போன்றது என்று வகுப்பில் சொல்வேன். சில உரைகாரர் தம் புலமையைக் காட்ட மூலத்தை மறைத்துவிடுவர்; சிலர் மூலத்திற்குப் பின்னால் ஒளிந்துகொள்வர். அரங்கேற்று காதையில் தண்ணுமை முதல்வனின் இலக்கணம் கூறும் இளங்கோவடிகள், யாழிலும் குழலிலும் மிடற்றிலும் குறை நேர்ந்தால் அதனை நிரப்பவும், மிகை நேர்ந்தால் அதனை அடக்கவும் அறிந்தவனாகவும், தன் ஒலி மேலோங்கிவிடாதபடி காப்பவனாகவும் அவனைக் காட்டுகிறார். சுப்பிரமணிய பிள்ளையின் எஞ்சிய ஒலிப்பதிவுகளைக் கேட்கும்போது இவ்வடிகளுக்கு வேறு உரை வேண்டா என்று தோன்றுகிறது. பல்லவியின் ஓரடி முடியும் இடத்தில் அவர் வாசிக்காமல் விடும் நொடிகள் உள்ளன. அங்கே பாடகரின் மூச்சு நமக்குக் கேட்கிறது.

பாராட்டும் பட்டமும் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கக் கலைஞர் எவருக்கும் வழங்கப்படாத காலம் அது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அவ்விருது முதன்முதலாக வழங்கப்பட்டது 1966-இல்; பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பே சுப்பிரமணிய பிள்ளை ஐம்பத்துநான்கு வயதில் மறைந்துவிட்டார். ஒருபக்கம் அமர்ந்திருப்பதால் பக்கவாத்தியம் என்கிறோம். பட்டியலிலும் ஒருபக்கமாகவே வைத்துவிட்டோம். பல்லாண்டுகள் கழித்து இசை ஆய்வாளர் லலிதாராம் அவர் வாழ்வை விரிவாகத் தேடித் தொகுத்துத் துருவ நட்சத்திரம் என்ற பெயரில் நூலாக்கினார். தமிழில் இசைக்கலைஞர் வரலாறுகள் அரிது. தாளக்கலைஞர் வரலாறு அரிதினும் அரிது. நம் வட்டத்து நூலடுக்கில் இருக்க வேண்டிய நூல்.

மாணவர்கள் சிலரே, ஆயினும் வலியர். குருவாயூர் துரை, இரயில்வேயில் பணியாற்றியவாறே கலை வளர்த்த கே. எஸ். காளிதாஸ் முதலியோர் குறிப்பிடத்தக்கவர். அவர்களுள் உலகறிந்தவர் திருச்சி சங்கரன். 1942-இல் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோதே ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் மேடையேறியவர். 1971-இல் கனடா நாட்டு டொராண்டோ நகரின் யார்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அங்கே இந்திய இசைக்கல்வியைத் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவரானார். ஜாஸ் கலைஞர்களும் மேலைநாட்டுப் பறையிசைக் குழுவினரும் அவரிடம் சொற்கட்டுப் பயின்றனர். 2011-இல் சங்கீத கலாநிதி விருது அவரை அடைந்தது. குருவுக்குக் கிட்டாதது அரை நூற்றாண்டு கழித்து மாணவர் வழியே வந்தது என்று மகிழலாம். நான் அவ்வாறு ஈடுசெய்துகொள்ள விரும்பவில்லை.

சங்கரன் வலக்கைக்காரர். இடக்கைக் குருவுக்கு எதிரே வலக்கை மாணவர் அமர்ந்த காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். மற்ற மாணவர்கள் ஆசிரியரின் கையை மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். இவருக்கோ அந்தத் தொல்லை இல்லை. கண்ணாடிக்கு எதிரே அமர்ந்ததுபோல, குருவின் வலந்தலைக்கு நேரே தம் வலந்தலை. குருவின் தொப்பிக்கு நேரே தம் தொப்பி. எந்தக் கையைக் கண்டு ஒரு தந்தை கற்பிக்கத் தயங்கினாரோ அந்தக் கை கற்பிக்கும்போது மாணவனுக்கு எளிதாயிற்று.

செம்பையும் ஆலத்தூர் சகோதரர்களும் மதுரை மணி ஐயரும் பாடிய கச்சேரிகளில் சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பு ஒலிப்பதிவுகளாக எஞ்சியுள்ளது. பழைய நாடாக்களிலிருந்து பெயர்த்தவை. நடுநடுவே இரைச்சல் உண்டு. ஓரிடத்தில் யாரோ இருமுகிறார். அவற்றுள் ஒரு தனியாவர்த்தனத்தை நம் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ஒலிக்கச் செய்ய எண்ணியுள்ளேன். தாளம் போட்டுப் பார்க்க விரும்பும் கவிஞர்கள் முன்வரிசையில் அமரலாம். எந்தக் கையால் போட்டாலும் சரி.